அச்சுக்குள் சிக்கிய காலித் தோட்டா

என் மேசைமேல் காகிதங்கள் பறந்துவிடாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். வெளிப்புறம் முழுக்கத் திருகு மரை, மரையின் மேல் ஓர் அகன்ற வளையம், அடிப்பக்கத்தில் இருக்கவேண்டிய துளையை அடைத்துக்கொண்டு நிறம் மங்கிய பித்தளை. இந்த அடுக்ககத்தின் செயலாளர் ஒருமுறை பராமரிப்புத் தொகை கேட்டு வந்தவர் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “பிளம்பிங் சாமானா சார்?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார். அந்தத் தகவலை எந்தப் படிவத்தில், எத்தனை பிரதியில் எழுத வேண்டும் என்று கடைசியில் என்னிடமே வந்து கேட்பார். எதற்கு வம்பு?

அது கைத்துப்பாக்கித் தோட்டாவை மறுபடி நிரப்புவதற்கான அச்சு. மூன்று அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பில் முதலாவது. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் பித்தளை, என் மனைவி தன் கையால் ஏற்றி, பிறகு இறங்காமலே போன காலித் தோட்டா. துப்பாக்கி எங்களுடையது இல்லை, அது கிளப்புடையது. வெடிமருந்தும் குண்டும் கிளப்புடையவை. எங்களுக்கென்று மிஞ்சியது இந்தச் சிக்கல் மட்டும்தான்.

அவள் திருவள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது சிறிய ரைஃபிளில் நன்றாகச் சுட்டு, டில்லிக்குப் போகும் அணியில் அவள் பெயர் வந்திருந்தது. அவளுடைய அப்பா அனுப்பவில்லை. “பொம்பளப் புள்ள துப்பாக்கியத் தூக்கிக்கினு டில்லிக்குப் போவுமா? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான்?” என்றாராம். இதை அவள் ரயிலைத் தவறவிட்ட கதைபோலச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கல்யாணமான புதிதில் ஒருமுறை, பிறகு வேறொருமுறை, பிறகு சம்பந்தமே இல்லாத பேச்சின் நடுவில் என்று அந்த ரயில் வந்துகொண்டே இருந்தது. தவறவிட்ட ரயிலை யாரும் அத்தனை தடவை நினைத்துக்கொள்வதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். எழுபதுகளின் நடுவில் அங்கே தொழிற்பேட்டை என்றால் முள்வேலியும் பெயர்ப்பலகையும்தான். பலகைக்குப் பின்னால் பல இடங்களில் ஆடுகள்தான் ஷிப்டு பார்த்தன. எங்கள் கம்பெனியில் இயந்திரங்கள் ஓடின. அவற்றைவிட வேகமாக என் சுற்றறிக்கைகள் ஓடின. ஓர் ஆணி உள்ளே வரவும் வெளியே போகவும் என்ன முறை என்பதை எழுதி வைத்தவன் நான். இறக்குமதி உரிமம், சுங்கம், கேட் பாஸ் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வாழ்க்கையில் அதற்கெல்லாம் ஒரு பயன் உண்டு என்று நம்பியிருந்த வயது.

திருவள்ளூரிலிருந்து பூண்டி போகும் சாலையில், தண்ணீர் வற்றிப்போன ஓர் ஏரியின் உயரமான கரையைப் பின்சுவராக வைத்து ரைஃபிள் கிளப் நடந்தது. அதன் செயலாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். என் மனைவி அங்கே சேர்ந்தபோது அவர் மிகுந்த மரியாதையோடு ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். அவளோ ரிவால்வரைப் பார்த்தாள். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர். மாநிலப் போட்டிக்கு அதில் சுடுகிற அணியும் கிளப்பிலிருந்து போகும்.

“டீச்சரம்மா, சின்ன ரைஃபிள் இருக்குதே, அதுல சுடுங்க. லேடீஸுக்கு அது போதும்” என்றார் செயலாளர்.

“எனக்குப் போதுமான்னு நான் சொல்றேனே சார்” என்றாள் அவள்.

விதி அவள் பக்கம் இருந்தது. தகுதிச் சுற்றில் குறிப்பிட்ட புள்ளியைத் தொடுகிற எந்த உறுப்பினரும் அணிக்குப் போகலாம் என்று கிளப் விதியில் இருந்தது. ஆண் என்று எங்கும் எழுதவில்லை, எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டியவன் நான்தான். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உங்க ஊட்டுக்காரரு வக்கீலா?” என்று அவளைக் கேட்டார். “அதவிட மோசம் சார். ஸ்டோர்ஸ்” என்றாள்.

ஆனால் தோட்டா இல்லை. அந்தக் காலத்தில் அந்தத் தோட்டாக்கள் கிளப்புக்கு ஒதுக்கீட்டில்தான் வரும். வந்ததை மூத்த உறுப்பினர்கள் பயிற்சிக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள். புதியவர்களுக்குத் தகுதிச் சுற்றன்று மட்டும் கிடைக்கும். பயிற்சியே இல்லாமல் நேராகப் பரீட்சை. மூத்தவர்கள் சுட்டு முடித்ததும் அவள் குனிந்து மணலிலிருந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் புடவை முந்தியில் கட்டிக்கொள்வாள். “டீச்சரம்மா களத்துல சிந்துன நெல்லு பொறுக்கறாங்கோ” என்று யாராவது சொல்வார்கள். “பொறுக்கறது நானு, சிந்தறது நீங்கோ. மொதல்ல அட்டைல சிந்துங்க சார்” என்பாள். குறி தப்பியவர்கள் அதற்குப் பிறகு பேசுவதில்லை.

கிளப் அலமாரியில் எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கைப்பிரஸ் ஒன்று இருந்தது. சுட்டுப்போன தோட்டாவை மறுபடி நிரப்ப கிளப்புக்கு அனுமதியும் இருந்தது. ஆனால் உடன் இருந்த அச்சுகள் ரைஃபிளுக்கானவை. கழுத்து குறுகிய ரைஃபிள் தோட்டாவுக்கு இரண்டு அச்சு போதும். எங்களுடைய ரிவால்வர் தோட்டா நேர்ச்சுவர் கொண்ட சின்னக் குழாய். அதற்கு மூன்று வேண்டும். ஒன்று, சுடும்போது உப்பிப்போன குழாயை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் வெடித்துப்போன ‘கேப்’ என்கிற சின்ன மூடியையும் தட்டித் தள்ளும். இரண்டாவது, குண்டு உட்காருவதற்கு வாயைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். மூன்றாவது, குண்டை உட்கார்த்தி விரித்த வாயை மூடும். இதையெல்லாம் ஒரு பழைய கையேட்டிலிருந்து நான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “கொழுக்கட்ட. சொப்பு செய், பூரணம் வெய், வாய மூடு. இத்த சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?” என்றாள்.

அச்சு வாங்கித் தரும் பொறுப்பு கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா மகனிடம் போனது. ‘முப்பத்திரண்டு’ என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதே, அதே எண்ணில் வேறு தோட்டாக்களும் உண்டு, முழுப்பெயரையும் காட்டு என்று அவனுக்கு எழுதினேன். முடிந்தால் உள்ளே கார்பைடு வளையம் வைத்த அச்சாகப் பார் என்றும் எழுதினேன். கார்பைடு மிகக் கடினமானது, வழுவழுப்பானது. அதில் பித்தளை ஒட்டாது, எண்ணெய் போடாமலே வேலை செய்யலாம். சாதாரண எஃகு அச்சென்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தடவியாக வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு எது நல்லது என்று யாரும் சொல்லவே வேண்டாம். அவன் போன துறைமுகத்துக் கடையில் கார்பைடு இல்லை. எஃகுதான் வந்தது. முறைப்படி சுங்கம் கட்டி எடுத்து வந்தேன். அதற்கு ஆன அலைச்சலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். படிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மருந்து போடும் வேலை முழுக்க கிளப்பில், செயலாளரின் கண்ணெதிரில்தான் நடக்கவேண்டும். காலித் தோட்டாவை முதல் அச்சில் போட்டு எடுக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்துகொள்ள அவர் எழுத்தில் அனுமதி தந்தார். எழுத்தில் கேட்டவன் நான். பள்ளியில் கழித்துக் கட்டிய ஒரு கனமான பெஞ்சில் பிரஸ்ஸைப் பூட்டி அடுக்களையை ஒட்டிய அறையில் வைத்தோம். மருந்து போடும் நாட்களில் அதைக் கழற்றிக் கிளப்புக்கு எடுத்துப்போவோம். எண்ணெய்க்கு அவள் தேர்ந்தெடுத்தது விளக்கெண்ணெய். முதலில் அதிகமாகப் போட்டாள். தோட்டாவின் பக்கவாட்டில் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் அது பித்தளையைத்தான் உள்ளே தள்ளும். பிறகு விரல்களில் ஒரு துளி தேய்த்துக்கொண்டு, அந்த விரல்களுக்கு நடுவே தோட்டாவை உருட்டும் பழக்கத்துக்கு வந்தாள். “தலைக்கு வெக்கற மாரி இல்லீங்க, கண்ணுக்கு மை இடற மாரி” என்று எனக்கு விளக்கினாள். கைப்பிடியை இறக்கும்போது அவள் கழுத்தைச் சாய்த்து, காதால் கேட்பதுபோல நிற்பாள். சரியாகப் போனால் ஒரு மெல்லிய வழுக்கல். கேப்பு கீழே தட்டில் டிங்கென்று விழும். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வரும்போதே அந்த டிங் எனக்குக் கேட்கும். வீட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அப்படி ஒரு சத்தத்துக்காக இப்போதும் என் காது சில மாலைகளில் காரணமில்லாமல் காத்திருக்கிறது. இங்கே கேட்பதெல்லாம் லிஃப்ட்டின் மணி.

இப்படிச் செய்த தோட்டாக்களால் சில வாரங்கள் பயிற்சி எடுத்தாள். அட்டையில் துளைகள் மெல்ல நடுவை நோக்கி வந்தன. செயலாளர் வாய்திறந்து பாராட்டவில்லை. ஆனால் நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார்.

தகுதிச் சுற்றுக்கு முந்தைய வாரம் ஆடி வெள்ளி வந்தது. வீட்டில் விளக்கு, தாம்பாளம், சொம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கரி படிந்து கிடந்த காலித் தோட்டாக்கள் கண்ணில் பட்டன. பித்தளைதானே. எல்லாவற்றையும் புளிக்கரைசலில் கொட்டித் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டாள். நான் வந்தபோது குத்துவிளக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறையத் தோட்டாக்கள், பூசைக்கு வைத்ததுபோல மின்னிக்கொண்டிருந்தன. “பாருங்க, தங்கமா கீது!” என்றாள். நானும் பார்த்து மகிழ்ந்தேன். என் கையேட்டில் புளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் காலை, முதல் தோட்டாவுக்கு வழக்கம்போல மை இடுகிற அளவு எண்ணெய் தடவி ஏற்றினாள். பாதியில் ஒரு கீச்சுச் சத்தம். அவள் கையை நிறுத்தவில்லை. உடம்பைக் கொடுத்து அழுத்தினாள், முழுக்க ஏறிவிட்டது. இறக்கும்போது வரவில்லை. நானும் கைகொடுத்தேன். பெஞ்சே தரையிலிருந்து எழும்பியது. பட்டென்று ஒரு சத்தம். தோட்டாவின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கீழே வந்தது. உடல் அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்தக் கரியும் அழுக்கும்தான் இத்தனை நாளும் எண்ணெய்க்குத் துணையாக நின்று வழுக்கிக் கொடுத்திருக்கின்றன. புளி அதை ஒட்டத் துடைத்துவிட்டது. பளிச்சென்ற வெறும் பித்தளை எஃகைக் கவ்விக்கொண்டது. சுத்தம் செய்ததால் கெட்டது என்று ஒரு காரியத்தை அதற்கு முன்னால் நான் கோப்புகளில்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் பிய்ந்த விளிம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவ்ளோதானா?” என்றாள். அச்சைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வாரம். கையில் பயிற்சித் தோட்டா ஒன்றுகூட இல்லை. டில்லி ரயில் மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிற்சாலை டூல் ரூமில் இதை எடுப்பது பெரிய காரியமே இல்லை. ஃபோர்மேன் ஆந்திர எல்லையில் தடா பக்கத்து மனிதர், தெலுங்கு கலந்து பேசுவார். கேன்டீனில் டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னேன். “அடில ட்ரில் போட்டு, மரை வெட்டி, ஒரு போல்ட்டு முறுக்கி இழுத்தா வந்துரும் நைனா. ஆனா எப்டி உள்ள எடுத்துக்கினு வருவ? பிரைவேட் வேல டூல் ரூம் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு ஒரு மகராசன் சர்க்குலர் போட்டுக்கீறான்” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துச் சிரித்தார். அந்த மகராசனின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் போடுகிற கையெழுத்துதான்.

அன்றிரவு சாப்பாட்டின்போது, சட்டைப்பையில் போட்டு எடுத்துப்போய்விடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். உண்மையாகவே செய்திருப்பேன். அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

“வேணாங்க. இத்தினி வருசமா அந்த ஒரு சர்க்குலரத் தூக்கிக்கினு எல்லாரையும் பேஜார் பண்ணிக்கினு கீறீங்க. எனக்கோசரம் நீங்களே அத்த கிழிச்சீங்கன்னா நாளைக்கு அந்த ஃபோர்மேன் உங்கள மதிப்பானா? நான் பாத்துக்கறேன்.”

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கையை எடுத்தாள். அதன் முனையில் சிக்கிய அச்சைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். ஏறக்குறைய ரிவால்வரின் கனம் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே. அறையின் எதிர்ச் சுவரில் சாந்தால் ஒரு பொட்டு வைத்தாள். அச்சின் அகன்ற வளையத்தில், தன் பக்கம் பார்க்கும்படி, இன்னொரு சின்னப் பொட்டு. பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் அந்த உலக்கையை ஒரு கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துவாள். அங்கே இல்லாத ஒரு விசையை ஆட்காட்டி விரல் மெல்ல இழுக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கினாலும் அந்த மூச்சு முடிகிறவரை திரும்பமாட்டாள். எதிர்வீட்டம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “டீச்சருக்கு இன்னாவோ காத்து கருப்பு” என்று தெருவில் சொன்னதாகக் கேள்வி.

ஒருநாள் என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். என் கை ஆடியது. சுவர்ப் பொட்டைப் பார்த்தால் வளையத்துப் பொட்டு ஓடியது, வளையத்தைப் பார்த்தால் சுவர் ஓடியது. அவள் பின்னால் நின்று என் முழங்கையை ஒரு விரலால் தாங்கினாள். “ரெண்டும் ஒண்ணா தெரியாதுங்க, தெரியணும்னு பேராசப்படாதீங்க. கிட்ட கீறத மட்டும் பாருங்க. அது பளிச்சுனு இருக்கணும். தூரத்துல கீறது மங்கலாத்தான் இருக்கும். இருக்கட்டும்.” விளக்கெண்ணெய் வாசனையும் சாந்து வாசனையும் கலந்து என் தோளுக்குப் பின்னால் நின்றன. நான் சுவரைப் பார்க்கவுமில்லை, வளையத்தைப் பார்க்கவுமில்லை.

தகுதிச் சுற்றன்று கிளப் தந்த புதுத் தோட்டாக்களில் சுட்டாள். அவை நாங்கள் நிரப்பியவற்றைவிட அதிகம் உதைத்தன. முதல் அட்டையில் துளைகள் சிதறின. செயலாளர் தொலைநோக்கியை இறக்கி என்னைப் பார்த்தார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. அவள் ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். கண்ணை மூடி, காலி விரலால் ஒருமுறை இல்லாத விசையை இழுத்துப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். இரண்டாவது அட்டையை நான் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். அது உலக்கையைப் பிடித்திருந்த கை, அசையவில்லை. கணக்குப் பார்த்த செயலாளர் மறுபடியும் ஒருமுறை கணக்குப் பார்த்தார். பிறகு, “டீச்சரம்மா, நூலிழைல வந்துக்கீறீங்க” என்றார். “வந்துட்டேன் இல்ல சார்?” என்றாள் அவள்.

மாநிலப் போட்டிக்கு மெட்ராஸுக்குப் போனாள். மெடல் எதுவும் வரவில்லை. நடுவில் எங்கோ ஓர் இடம். சென்ட்ரலிலிருந்து திரும்புகிற ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். “போய்ட்டு வந்துட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு டில்லி அணியின் கதையை அவள் ஒருபோதும் சொல்லவில்லை. மெடல் வந்திருந்தால் இத்தனை நிம்மதியாக வேர்க்கடலை தின்றிருப்பாளா என்பது சந்தேகம்.

சில வருடங்களில் கிளப் மூடிப்போனது. ரிவால்வரும் பிரஸ்ஸும் மற்ற இரண்டு அச்சுகளும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. முறைப்படி ஒப்படைத்தவன் நான்தான். சிக்கிய அச்சை மட்டும், ‘பயன்பாட்டுக்கு உதவாதது’ என்று எழுதிக் கையோடு எடுத்து வந்தேன். அவள் அதைச் சமையலறைச் சன்னலில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே சிக்கியதை எடுத்துத் தருகிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “உள்ள சும்மா தூங்கிக்கினு கீது. அத்த ஏன் எழுப்பறீங்க?” என்பாள். ஓய்வுபெற்றதும் திருநின்றவூருக்கு வந்தோம். இங்கேயும் சமையலறைச் சன்னலில்தான் இருந்தது. அவள் போன பிறகு என் மேசைக்கு வந்தது.

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பெண் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். போன மாதம் ஏதோ கேட்க வந்தவள் இதைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் இது அச்சு என்று தெரிந்தது. “எங்க ஷாப்ல குடுத்தா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எடுத்துருவாங்க அங்கிள். கொண்டுபோகட்டா?” என்றாள். தனியார் வேலை டூல் ரூமுக்குள் போகக் கூடாது என்றேன். “யாரு அங்கிள் சொன்னது?” என்று சிரித்தாள். ஒரு சர்க்குலர் இருக்கிறது என்றேன். யாரும் அதை ரத்து செய்யவில்லை.

அந்தப் பெண் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அச்சைக் கையில் எடுத்தேன். எழுந்து நின்று கையை நீட்டினேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினேன். வளையத்தில் சாந்துப் பொட்டு இருந்த இடம் லேசான கறையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை; இந்த வயதில் கையெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கித்தான் போகிறது. எதிரில் இருப்பது புதிதாக வெள்ளையடித்த சுவர், அதில் ஒன்றுமில்லை. அங்கேதான் அந்தப் பொட்டு, வைத்த ஈரம்கூடக் காயாமல், அத்தனை பளிச்சென்று தெரிகிறது. என்னைத் திருத்துவதற்கு முழங்கைக்கு அடியில் ஒரு விரல் வரும் என்று, கை வலிக்கிறவரை நின்றுகொண்டிருந்தேன்.